கையை ஊன்றாமல்

தென்மாவட்டத்துக் கிராமங்களில் இளவட்டக்கல் என்று ஒன்று கிடக்கும். உருண்டையாக, வழவழவென்று. குத்துக்காலிட்டு அணைத்துத் தூக்கி, முழங்காலுக்கு ஏற்றி, நெஞ்சுக்கு ஏற்றி, தோளுக்குக் கொண்டுபோய்ப் பின்பக்கமாகப் போட வேண்டும். 100 கிலோவைத் தாண்டும் கற்களும் உண்டு. தூக்கினவனுக்குத்தான் பெண் என்பார்கள். டிரெட்மில், ஈ.சி.ஜி. எதுவும் இல்லாமல் ஊரே கூடி நடத்திய உடல் தகுதித் தேர்வு அது.

சரி, அது இளவட்டத்துக்கு. பேரன் பேத்தி எடுத்தவர்களுக்கு?

அதற்கு பிரேசில் டாக்டர் கிளாடியோ கில் அராவ்ஜோ ஒரு வழி வைத்திருக்கிறார். கல் வேண்டாம், காசு வேண்டாம். வெறுங்காலோடு நின்று, தரையில் உட்கார்ந்து எழ வேண்டும். அவ்வளவுதான். உட்கார 5 மார்க், எழ 5 மார்க். கையையோ முழங்காலையோ ஊன்றினால் ஒவ்வொரு தடவைக்கும் 1 மார்க் போச்சு. தள்ளாடினால் அரை மார்க். 51 முதல் 80 வயது வரை 2,002 பேரைச் சோதித்து, சில வருடங்கள் தொடர்ந்து கவனித்தார்கள். 2012-ல் முடிவு வெளியானது. 3 மார்க்கும் அதற்குக் கீழும் வாங்கியவர்களுக்கு, 8-ம் அதற்கு மேலும் வாங்கியவர்களைவிட இறப்பு அபாயம் ஐந்து மடங்குக்கும் அதிகம். மார்க் குறைந்ததால் யாரும் சாகவில்லை. கால் பலம், இடுப்பின் வளைவு, நிதானம், எடை எல்லாவற்றையும் அந்த ஒரே அசைவு காட்டிக்கொடுத்துவிடுகிறது.

வீட்டில் செய்து பார்த்தேன். உட்கார ஒரு கை. எழ ஒரு கை, ஒரு முழங்கால். 7 மார்க்.

பரளச்சியில் பெரியம்மாவிடம் இதைச் சொன்னேன். எழுபதைத் தாண்டியவர். தரையில் உட்கார்ந்து வத்தலுக்குக் காம்பு கிள்ளிக்கொண்டிருந்தார். "எந்திரிக்கிறதுல என்னப்பா பரீச்சை?" என்றபடியே சுளகை இரண்டு கையிலும் பிடித்துக்கொண்டு எழுந்து உள்ளே போனார். பத்துக்குப் பத்து! களையெடுப்பு, சமையல், சாப்பாடு, அரட்டை எல்லாமே அவருக்குத் தரையில்தான்.

நமக்கு சோபா, கட்டில், டைனிங் டேபிள், வெஸ்டர்ன் டாய்லெட் வந்ததும் தரையோடு பேச்சே நின்றுபோனது. பிறகு ஒருநாள் பாத்ரூமில் வழுக்கி அதே தரையில் விழும்போது, எழுப்பிவிட ஆள் தேட வேண்டியிருக்கிறது.

மூட்டுவலிக்காரர்களும் ஆபரேஷன் ஆனவர்களும் டாக்டரைக் கேட்காமல் இதில் இறங்க வேண்டாம். மற்றவர்கள், பக்கத்தில் ஓர் ஆளை வைத்துக்கொண்டு முயன்று பாருங்கள். மார்க் குறைந்தால் பயம் வேண்டாம். முதலில், ஒருவேளைச் சாப்பாட்டையாவது தரைக்கு மாற்றுங்கள்.