ஃபுட்போர்டு வாங்க டெட்ராய்ட் வரைக்கும்

கனடாவிலிருந்து அமெரிக்காவுக்குப் போகணும்னா தெற்கே போகணும் என்றுதான் எல்லாரும் நினைப்போம். விண்ட்சரில் அந்தக் கணக்கு செல்லாது. அங்கே ஆற்றங்கரையில் நின்று வடக்கே பார்த்தால்தான் அமெரிக்கா. எதிரே டெட்ராய்ட் நகரின் உயரமான கட்டடங்கள், நடுவில் டெட்ராய்ட் ஆறு. நகர மையத்தில் அதன் அகலம் ஒரு கிலோமீட்டர்கூட வராது.

விண்ட்சரில்தான் நான் எம்.எஸ். படித்தேன். இரண்டு வருஷம் தினமும் அந்தக் கரையைப் பார்த்துக்கொண்டு நடந்திருக்கிறேன். கையில் இந்தியப் பாஸ்போர்ட், அமெரிக்க விசா கிடையாது. அதனால் டெட்ராய்ட் எனக்கு ராத்திரியில் விளக்கு எரியும் ஒரு படம் மாதிரிதான் இருந்தது. கனடியக் குடியுரிமை வந்தபிறகு, 2024 ஆகஸ்டில்தான் முதல்முறையாக ஆற்றைக் கடந்தேன். போன காரணத்தைக் கேட்டால் சிரிப்பீர்கள். காருக்கு ஃபுட்போர்டு வாங்க.

காரணம் அம்மா. சூப்பர் விசாவில் மதுரையிலிருந்து வந்திருந்தார். இரண்டு முட்டியும் தேய்மானம். எங்களிடம் இருப்பது 2014 மாடல் எஸ்யூவி. அதன் தளம் தரையிலிருந்து 52 சென்டிமீட்டர் உயரம். ஏறும்போது நான் ஒரு கை, மனைவி ஒரு கை என்று தூக்கிவிட வேண்டும். வந்த மூன்றாவது வாரமே, "கோயிலுக்கு நீங்க போயிட்டு வாங்கப்பா, நான் வீட்டுலயே இருக்கேன்" என்று சொல்ல ஆரம்பித்துவிட்டார். வலியை விட, பார்க்கிங்கில் நாலு பேர் பார்க்கத் தூக்கி ஏற்றுவதுதான் அவருக்குக் கஷ்டம். பெற்றோரை ஆறு மாதம் வரவழைத்து வைத்திருக்கும் வீடுகளில் இது நடப்பதுதான்.

கதவுக்குக் கீழே, காரின் நீளத்துக்கு ஒரு படி வைத்தால் போதும். ஆனால் எங்கள் மாடலுக்கு அது இங்கே கிடைக்கவில்லை. டீலரிடம் கேட்டால் கனடா கேட்டலாகில் இல்லை என்றார்கள். அமெரிக்கக் கடைகளின் இணையதளத்தில் தாராளமாக இருந்தது. கனடா முகவரியைப் போட்டதும் 'இந்த இடத்துக்கு அனுப்ப முடியாது' என்று வந்து நின்றது. யோசித்தால் நியாயம் புரிகிறது. அங்கே 33 கோடிப் பேருக்கும் மேல். இங்கே சுமார் 4 கோடி. பத்து வருஷப் பழைய மாடலுக்கு இங்கே எத்தனை பேர் வாங்குவார்கள்? விற்பனை உரிமை நாட்டுக்கு நாடு வேறு. இங்கே கடையில் வைத்து விற்க, பெட்டி மேல் பிரெஞ்சும் வேண்டும். இரண்டு மீட்டர் நீளப் பெட்டியை கூரியரில் எல்லை தாண்டி அனுப்புவது இன்னொரு தலைவலி.

இத்தனைக்கும் கார் உலகத்தின் தாய்வீடே அந்த ஆற்றங்கரைதான். 1908-ல் ஃபோர்டின் மாடல் டி பிறந்த ஊர் டெட்ராய்ட். 1913-ல் நகரும் அசெம்பிளி லைன் ஓடத் தொடங்கிய ஹைலண்ட் பார்க், டெட்ராய்ட் ஏறக்குறைய முழுவதும் சூழ்ந்திருக்கும் தனி நகரம். 1904-ல் ஃபோர்டின் கனடா நிறுவனம் தொடங்கியது விண்ட்சர் பக்கத்தில். இன்றைக்கும் ஒரு காரின் பாகங்கள் முழு வண்டியாகச் சேர்வதற்குள் இந்த எல்லையைப் பலமுறை கடந்துவிடும். என் வீட்டுக்கு ஒரு படி மட்டும் வராது!

வாட்டர்லூவிலிருந்து 401-ல் சுமார் மூன்று மணி நேரம். மனைவிக்கு விசா இல்லாததால் நானும் எட்டு வயது மகளும் மட்டும் கிளம்பினோம். ஒரு பெற்றோர் மட்டும் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு எல்லை தாண்டும்போது, மற்றவர் கையெழுத்திட்ட சம்மதக் கடிதம் வைத்திருப்பது நல்லது. எங்களிடம் அதிகாரி அதைக் கேட்டுப் படித்தும் பார்த்தார்.

போகும்போது சுரங்கப்பாதை. 1930-ல் திறந்தது, ஆற்றுக்கு அடியில் ஒன்றரைக் கிலோமீட்டர். நடுவில் சுவரில் இரண்டு நாட்டுக் கொடிகளும் இருக்கின்றன, எல்லை அதுதான். மகள் ஜன்னலில் மூக்கை ஒட்டிக்கொண்டு பார்த்தாள். வெளியே வந்ததும், "இதுதான் வேற நாடா? நம்ம ஊரு மாதிரியேதானே இருக்கு?" என்றாள். பலகைகள் மைலுக்கு மாறியிருந்ததைக் காட்டினேன். அவளுக்கு அது போதவில்லை.

கடை டெட்ராய்டின் புறநகரில். கூரை கம்பிகள், மழைத் தடுப்புகள், மட்ஃபிளாப், சைக்கிள் தாங்கிகள் என்று காரின் வெளிப்புறத்துக்கு மட்டும் ஒரு கிடங்கு. ஃபுட்போர்டு ஜோடி 280 அமெரிக்க டாலர். மிச்சிகன் விற்பனை வரி 6% தனி. வாங்கும் முன் பெட்டியைப் பிரித்து மாடல் வருஷம், கதவு எண்ணிக்கை, போல்ட் துளைகளின் இடம் மூன்றையும் காரோடு வைத்துப் பார்த்துக்கொண்டேன். மாற்ற வேண்டியிருந்தால் மறுபடி எல்லை தாண்டணுமே!

"இங்கேயே மாட்டித் தரவா?" என்று கடைக்காரர் கேட்டார். அப்போதுதான் நண்பன் ஒருவன் முதல்நாள் சொன்னது ஞாபகம் வந்தது. "அங்கேயே மாட்டிட்டு வாடா. பில்லைக் கிழிச்சுப் போடு. மேல கொஞ்சம் மண்ணைப் பூசிட்டா எவனுக்குத் தெரியப் போகுது?"

அந்த ஆற்றில் இது புதுசு இல்லை. அமெரிக்காவில் மதுவிலக்கு இருந்த 1920 முதல் 1933 வரையான காலத்தில், விண்ட்சர் பக்கத்து விஸ்கி படகு படகாக டெட்ராய்ட் போனது. பனிக்காலத்தில் உறைந்த ஆற்றின் மேல் காரையே ஓட்டிப் போனார்களாம். அதற்கும் முந்தைய நூற்றாண்டில், அடிமைத்தனத்திலிருந்து தப்பிய கறுப்பின மக்கள் உயிரைப் பணயம் வைத்து இதே ஆற்றை எதிர்த்திசையில் கடந்து வந்தார்கள். அவர்களுக்காக இரு கரையிலும் 2001-ல் நினைவுச் சின்னம் வைத்திருக்கிறார்கள்.

மாட்டிவிட்டால் அது பொருள் இல்லை, காரின் பகுதி என்று நம்மில் பலர் நினைக்கிறோம். சட்டம் அப்படி இல்லை. கனடாவுக்கு வெளியே காரில் செய்த மாற்றங்களையும் திரும்பும்போது சொல்லியே ஆகணும். சொல்லாமல் பிடிபட்டால் அபராதம், பொருள் பறிமுதல். நெக்சஸ் அட்டை வைத்திருப்பவர்களுக்கு அதுவும் போகலாம். நான் பெட்டியாகவே எடுத்துக்கொண்டேன். பின்சீட்டில் ஒரு பக்கத்தை மடக்கியதும் மகளுக்குப் பக்கத்தில் நீளமாகப் படுத்துக்கொண்டது.

திரும்பும்போது அம்பாசடர் பாலம். 1929-ல் திறந்தபோது உலகிலேயே நீளமான தொங்குபாலம் அதுதான். இன்னும் தனியார் சொத்து. மேலே லாரிகள் வரிசை கட்டி நின்றன. தூரத்தில் புதிதாகக் கட்டும் கோர்டி ஹௌ பாலம் தெரிந்தது. அதன் இரு பக்கத் தளங்களும் ஆற்றுக்கு மேல் சேர்ந்து இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது.

சாவடியில் அதிகாரி கேட்டார்: "என்ன வாங்கினீர்கள்?" பின்சீட்டில் மகள் பேச்சை நிறுத்திவிட்டு என்னையே பார்ப்பது கண்ணாடியில் தெரிந்தது. பொருளையும் விலையையும் சொல்லி பில்லை நீட்டினேன். 24 மணி நேரத்துக்குள் திரும்புகிறவர்களுக்கு வரிவிலக்கு எதுவும் கிடையாது. 24 மணி நேரம் தாண்டினால் 200 கனடிய டாலர், 48 மணி நேரம் என்றால் 800. பெட்டியில் அமெரிக்கத் தயாரிப்பு என்று இருந்ததால் சுங்க வரி இல்லை. ஒன்டாரியோவின் 13% மட்டும். உள்ளே போய் ஐம்பது டாலர் சொச்சம் கட்டி, ரசீது வாங்கி வர இருபது நிமிஷம்.

காரில் ஏறியதும் மகள் கேட்டாள்: "அப்பா, உண்மையச் சொன்னதுக்கு எதுக்குக் காசு கட்டணும்?"

"சொன்னதுக்கு இல்லடா, வாங்கினதுக்கு."

"சொல்லலைன்னா?"

"அப்ப அடுத்த தடவை அவர் கேட்கும்போது நீ என்னைப் பார்ப்பல்ல, நான் உன்னைப் பார்க்க முடியாது."

புரிந்ததோ இல்லையோ, சிப்ஸ் பாக்கெட்டைப் பிரித்தாள். ஆனால் அந்த ஐம்பது டாலரை நான் செலவாக நினைக்கவில்லை. வீட்டில் பொய் சொல்லாதே என்று நூறு தடவை சொல்கிறோம். பிள்ளைகள் காது கொடுப்பது இந்த மாதிரிச் சாவடிகளில்தான்.

போக நினைப்பவர்களுக்கு இன்னும் சில விஷயங்கள். அங்கே விற்கிறது என்பதற்காக எல்லாமே இங்கே செல்லாது. மிச்சிகனில் முன் நம்பர் பிளேட் கிடையாது, ஒன்டாரியோவில் கட்டாயம். பிளேட்டை மறைக்கும் முன்பக்க அலங்காரங்களை வாங்காதீர்கள். 2017 முதல் தயாரான வண்டிகளுக்கு இங்கே முன் கண்ணாடியில் கூலிங் ஃபிலிம் கூடாது, முன் ஜன்னல்களில் 70% வெளிச்சம் உள்ளே வரணும். மாட்டிய பிறகு இன்சூரன்ஸ்காரரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். 2025-லிருந்து இரு நாட்டு வரிகளும் அடிக்கடி மாறுகின்றன. கிளம்பும் முன் எல்லைச் சேவை நிறுவனத்தின் தளத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். விலை வித்தியாசத்துக்காக மட்டும் என்றால் பெட்ரோலும் சுங்கக் கட்டணமும் அதை விழுங்கிவிடும். இங்கே கிடைக்கவே கிடைக்காத பொருளுக்குத்தான் இந்தப் பயணம் தகும்.

மாட்டுவது பெரிய வேலை இல்லை. சட்டத்தில் ஏற்கெனவே இருந்த துளைகளில் எட்டு போல்ட். மகள் ஸ்பேனர் எடுத்துக் கொடுக்க, ஒன்றரை மணி நேரம். அடுத்த வெள்ளிக்கிழமை கதவுப் பிடியைப் பற்றி, படியில் ஒரு கால் வைத்து, அம்மா தானாகவே ஏறி உட்கார்ந்தார். "பெரியார் பஸ் ஸ்டாண்டுல ஏறுற மாதிரி இருக்கு" என்றார். கோயிலுக்குப் போகும் வழியில் யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை.