கோ வேறு, கோ வேறா?

திருவாலங்காடு என்றதும் ரத்தின சபையும் காரைக்கால் அம்மையாரும்தான் நினைவுக்கு வருவார்கள். அந்த ஊரில் ஒரு பி.காம். மாணவி 'ஆர்' மென்பொருளை நிறுவப் பட்ட பாட்டைக் கொஞ்சம் கேளுங்கள்.

அம்மா மகளிர் சுய உதவிக் குழுவின் பொருளாளர். இரண்டு வருடக் கணக்கை ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் வாசித்தாக வேண்டும். வீட்டில் இருந்ததோ அக்கா பிளஸ் டூவில் வாங்கிய அரசு மடிக்கணினி. 2011 செப்டம்பரில் இதே மாவட்டத்துக் காக்களூரில் தொடங்கிய திட்டம் அது.

விலை கொடுத்து வாங்கும் புள்ளியியல் மென்பொருளுக்கு வசதி இல்லை. ஆர் இலவசம். நியூசிலாந்தின் ஆக்லாந்து பல்கலைக்கழகத்தில் ராஸ் இஹாகாவும் ராபர்ட் ஜென்டில்மேனும் உருவாக்கியது. இருவர் பெயரிலும் முதல் எழுத்து ஆர், அதுதான் பெயர்!

புதிய பதிப்பு நிறுவவே மறுத்தது. கணினியில் இருந்தது 32 பிட் விண்டோஸ் 7. 2022 ஏப்ரலில் வந்த 4.2 பதிப்போடு 32 பிட் விண்டோஸுக்கு ஆர் விடை கொடுத்துவிட்டது. பழைய பதிப்பைப் போட்டால் தமிழ்ப் பெயர்கள் கோணக் குறிகளுக்குள் எண்களாக வந்தன. விண்டோஸில் ஆர் முழுமையாக யுனிகோடுக்கு மாறியதும் அதே 4.2-இல்தான்.

நல்லவேளை, செயலி 64 பிட். விண்டோஸுக்குப் பக்கத்தில் சென்னை சி-டாக்கின் 'பாஸ்' லினக்ஸ் தூங்கிக் கொண்டிருந்தது. அதன் தாய்வீடு டெபியன். பாஸ் இருந்த இடத்தில் புதிய டெபியனை நிறுவி, ஒரே கட்டளையில் ஆரையும் போட்டாள். தமிழ் பளிச்சென்று வந்தது.

ஆனால் கணக்கு இடித்தது. ஓர் அக்காவுக்கு 4,000 ரூபாய் பாக்கி என்றது. அப்படியே வாசித்தால் அவர் முகம் என்னவாகும்? பட்டியலை மேலிருந்து பார்த்தாள். அதே பெயர் இரண்டு முறை!

பெயரின் முதல் எழுத்து 'கோ'. கைப்பேசியில் தட்டிய வரிகளில் ஓகாரக் குறி ஒரே குறியீடு. பழைய எழுத்துருவிலிருந்து மாற்றிய வரிகளில் ஏகாரக் குறியும் துணைக்காலும் தனித்தனிக் குறியீடுகள். கண்ணுக்கு ஒன்று, கணினிக்கு இரண்டு. விண்டோஸ் கக்கிய அந்தக் கிறுக்கலில் இந்த வித்தியாசம் அப்பட்டமாகத் தெரிந்திருக்கும். அதை யார் படித்தார்கள்?

இதைச் சரிசெய்யும் பொதி 'ஸ்டிரிங்கி'. மூல நிரலிலிருந்து தொகுக்கப் போனபோது பழைய கணினிக்கு மூச்சு வாங்கியது. டெபியன் களஞ்சியத்தில் தயாராக இருந்ததை எடுத்துப் போட்டதும் நிமிடத்தில் முடிந்தது. இரண்டு பெயரும் ஒன்றாயின. பாக்கி பூஜ்யம்.

ஞாயிற்றுக்கிழமை அம்மா கணக்கை வாசித்தார். அந்த அக்கா டீ குடித்துக்கொண்டே கேட்டுக் கொண்டிருந்தார். அவருக்கு எதுவும் தெரியாது.

தமிழில் தரவு வைத்திருக்கும் நண்பர்களே, கூட்டல் போடுமுன் பெயர்ப் பட்டியலை ஒருமுறை பார்த்துவிடுங்கள். கணினி தப்புச் செய்யவில்லை என்பதற்காக, சொல்வதெல்லாம் சரியென்று ஆகிவிடாது!