இனி நிமிர்ந்தே உட்காரு!

ஓய்வுபெற்ற ஆசிரியரின் கார் 18 வருடப் பழசு. பின்சீட்டில் உட்காரும் மனைவியின் கொண்டையில் ரூஃப் துணி தொங்கி உரசும். கடையில் 5,000 ரூபாய் கேட்டார்கள். மகளின் வளைகாப்பு நெருங்கும் நேரத்தில் அது பெரிய தொகை. அவரே பசை தடவி ஒட்டினார். இரண்டே நாள் வெயிலில் மறுபடி தொங்கியது. குறை பசையில் இல்லை. துணிக்குப் பின்னால் இருந்த ஸ்பாஞ்சு சூட்டில் மாவாக உதிர்ந்திருந்தது.

பிறகு இருவருமாக ரூஃப் அட்டையைக் கழற்றி, மாஸ்க் போட்டுக்கொண்டு, ஸ்பாஞ்சுத் தூளைப் பிரஷ்ஷால் முழுசாகத் தேய்த்து எடுத்தார்கள். சூடு தாங்கும் ஸ்ப்ரே பசையை அட்டையிலும் புதுத் துணியிலும் அடித்து, சற்றுக் காயவிட்டு, நடுவிலிருந்து ஓரம்வரை நீவி ஒட்டினார்கள். செலவு பாதிக்கும் கீழே.

வளைகாப்புக்குக் கிளம்பும்போது பழக்கதோஷத்தில் மனைவி தலையைக் குனிந்தபடியே இருந்தார்.

"இனி நிமிர்ந்தே உட்காரு" என்றார் அவர்.