துள்ளிசையும் புதிய செவிகளும்

பழகிய பாடலை நயத்தல் எளிது. பழகாத செவிக்கு ஒரு பாடலைக் கொண்டு சேர்த்தல் அரிது. அறிமுகஞ் செய்வோன் பாடலின் பெருமையை முதலிற் பேசத் தொடங்கின், கேட்போன் பாடலைக் கேட்குமுன்னரே சலிப்படைவான். ஈழத்துத் தமிழ்ப் பொப்பிசைக்கு நேர்ந்துள்ள இடர்ப்பாடோ இதனினும் பெரிது. கற்றோர் பலர் அதனைக் கலியாண வீட்டுக் கூத்தென்று ஒதுக்கினர். இன்றைய இளையோருட் பலர் அதன் பெயரையும் அறியார்.

ஏ-9 பெருந்தெருவிலிருந்து முல்லைத்தீவு வீதி பிரியும் பரந்தனைச் சேர்ந்த கலைப்பீட மாணவன் ஒருவன், விடுமுறை நாளொன்றில் ஊர் வாசிகசாலையிற் கூடிய இளையோர் சிலருக்கு அப்பாடல்களைப் போட்டுக் காட்ட விரும்பினான். அவர்களோ யப்பானியச் சித்திரப் படங்களின் பாடல்களை, ஒரு சொல்லுக்கேனும் பொருள் தெரியாமல் முணுமுணுப்போர். ஆகவே அவன் யப்பானிலிருந்தே தொடங்கினான்.

1970இல் முதல் இசைத்தட்டை வெளியிட்ட 'ஹப்பி எண்ட்' என்னும் குழுவின் பாடலொன்று முதலில் ஒலித்தது. ஹொசொனோ, ஒட்டாக்கி, மற்சுமொட்டோ, சுசுக்கி என்னும் நால்வரைக் கொண்டது அக்குழு. அக்காலத்தில் யப்பானில் ஒரு விவாதம் மூண்டிருந்தது. ரொக் இசை ஆங்கிலத்துக்கே உரியது, யப்பானிய மொழி அத்தாளத்திற்கு இசையாது என்றனர் ஒரு சாரார். இந்நால்வரும் தம் தாய்மொழியிலேயே பாடினர். 1971இல் வெளிவந்த அவர்தம் இரண்டாவது இசைத்தட்டு இன்று யப்பானிய இசை வரலாற்றின் மைல்கற்களுள் ஒன்றாக மதிக்கப்படுகின்றது.

"இதே கேள்வி எங்கட ஊரிலையும் இருந்தது" என்று கூறி, அவன் நித்தி கனகரத்தினத்தின் 'சின்ன மாமியே' பாடலைப் போட்டான்.

போர்த்துக்கேயர் வழிவந்த பைலா, வொலி பஸ்ரியன் போன்றோரால் 1940களிற் சிங்களத்தில் வேரூன்றியது. அதன் துள்ளல் தாளத்தோடு கிற்றார் ஒலியும் கூட, அறுபதுகளின் பிற்பகுதியிலும் எழுபதுகளிலும் தமிழிலும் பொப்பிசை மலர்ந்தது. 'சின்ன மாமியே' பாடலில் இளைஞன் ஒருவன் மாமியிடம் அவள் மகளைப்பற்றி விசாரிக்கின்றான். அங்கு திரைப்பாடலின் அலங்காரத் தமிழ் இல்லை; முற்றத்திலும் வேலியோரத்திலும் வழங்கும் பேச்சே உண்டு. அடுத்து வந்த 'கள்ளுக்கடைப் பக்கம் போகாதே' அறிவுரையையும் நகைச்சுவையாக்கியது. மூன்றாவதாக ஒலித்தது ஏ. ஈ. மனோகரனின் 'சுராங்கனி'. சிங்களமும் தமிழும் ஒரே மெட்டில் தோள்சேர்ந்த அப்பாடல் கடல் கடந்து தமிழகத்திலும் பரவிற்று. பொப்பிசைச் சக்கரவர்த்தி எனப் போற்றப்பட்ட மனோகரன் 2018இற் சென்னையிற் காலமானார்.

பத்திரிகை பார்க்க வந்திருந்த முதியவர் ஒருவர், மேசையில் விரல்களால் தாளமிடத் தொடங்கினார். பரந்தன் இரசாயனத் தொழிற்சாலை இயங்கிய காலத்தில் அங்கு பணிபுரிந்தவர் அவர். பாட்டு முடியுமுன் தாமும் சேர்ந்து பாடினார். வியப்புடன் நோக்கிய மாணவி ஒருத்தி, "தாத்தா, நீங்களெல்லாம் இப்பிடிப் பாடிச் சிரிச்சுத் திரிஞ்சனீங்களோ?" என்று கேட்டாள்.

"பின்னை என்ன பிள்ளை? பங்கருக்கையோ பிறந்தனாங்கள்?" என்றார் அவர்.

அக்கேள்வியிலேதான் இப்பாடல்களின் இன்றைய தேவை அடங்கியுள்ளது. 1990களில் மின்சாரமும் மின்கலமும் இன்றி, மிதிவண்டி டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்ட மண் வன்னி. 2009 தைமாதம் முதலாந் திகதி பரந்தன் இராணுவத்தின் வசமாகுமுன்பே மக்கள் கிழக்கு நோக்கிப் பெயர்ந்துவிட்டனர். வீட்டோடு இசைத்தட்டும் ஒலிநாடாவும் அழிந்தன. அதன் பின் வளர்ந்த பிள்ளைகள் தம் மூத்தோரை இடம்பெயர்ந்தோராகவும் இழந்தோராகவுமே அறிவர். அத்துயரம் உண்மை, அதனை மறத்தல் தகாது. ஆயினும் அதுவே முழு உண்மையன்று. அம்மூத்தோரும் ஒருகால் இளையோராயிருந்தனர், காதலித்தனர், கேலி பேசினர், கிற்றார் ஒலிக்கு ஆடினர்.

ஒரு சமூகம் தன் ஒப்பாரியை மட்டும் பிள்ளைகளுக்குக் கையளிப்பின், அது தன் வாழ்விற் பாதியை மறைத்ததாகும். பொப்பிசை உயர்ந்த கலையா அன்றா என்னும் ஆராய்ச்சியை அறிஞர் பின்னர் நிகழ்த்துக. அதற்குமுன் அப்பாடல்கள் இளஞ்செவிகளை அடைதல் வேண்டும். நீண்ட முன்னுரை அதற்கு வேண்டுவதில்லை. முதலில் ஒரு பாடல் ஒலித்தாற் போதும், மற்றவற்றைப் பக்கத்திலிருக்கும் முதியோரே சொல்லுவர்.