கள்ளன் என்னும் பழி

பூனை பிறவிக் கள்ளன் என்பார் பலர். கடைவீதி ஐந்தடியில் கிடந்து நம் இல்லத்தில் அடைக்கலம் புகுந்த பூனை, மூன்றாம் நாளே பொரித்த கெம்போங் மீனைக் கவர்ந்தது. "அடித்துத் துரத்துங்கள்" என்றனர் அண்டை வீட்டார். நாம் இசையவில்லை.

பூனை ஊனுண்ணும் உயிர். அதன் கண்ணுக்கும் இருதயத்துக்கும் இன்றியமையாத டாரின் என்னும் சத்து மீனிலும் இறைச்சியிலும் உண்டு, சோற்றில் இல்லை. இனிப்பை அதன் நாக்கு அறியாமைக்குரிய காரணத்தையும் 2005-இல் அறிஞர் கண்டனர். அங்ஙனமிருக்க, தயிர்ச்சோற்றை இட்டுவிட்டு நன்றிகெட்ட பூனை என்பது நீதியாகுமோ? தெருவில் பசித்து வளர்ந்த உயிர்க்கு அடுத்த வேளை உணவு உறுதி என்னும் நம்பிக்கை எளிதில் வருமோ?

ஆதலின் பூனைக்கெனச் செய்த உணவையும் சிறிது மீனையும் காலை மாலை குறித்த வேளையில், நாம் உண்ணுமுன் அதற்கு இட்டோம். சட்டிகளை மூடி வைத்தோம். அடிக்கவில்லை, அடிபட்ட பூனை அஞ்சுவது அடித்தவரையேயன்றித் திருட்டையன்று. ஒரு திங்களில் திருட்டுக் குறைந்தது. முற்றும் ஒழிந்ததென்று சொல்லோம். திறந்த சட்டியை அது இன்றும் எட்டிப் பார்க்கும்.

சிங்கப்பூர்க் கழக வீடுகளில் 2024 செப்டம்பர் முதல் உரிமம் பெற்று இரண்டு பூனைகள் வரை வளர்க்கலாம். வளர்க்க எண்ணும் அன்பர்களே! பசித்த வாய்க்கு வேளையறிந்து உணவிடாதார், அதனைக் கள்ளன் என ஏசும் உரிமையுடையரல்லர்.