பெரும்பான்மையின் வாக்கும் நம்முடைய வாதமும்

 

ஒரே பாலினத்தவரின் திருமணத்திற்குச் சட்ட அங்கீகாரம் கோரிய வழக்கில், 2023 அக்டோபர் 17 அன்று இந்திய உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. திருமணம் என்பது நிபந்தனையற்ற அடிப்படை உரிமை அன்று என்பதில் ஐந்து நீதிபதிகளும் ஒன்றுபட்டனர். இதற்கெனச் சட்டம் இயற்றுவது நாடாளுமன்றத்தின் பணி என்றும் கூறினர். அவ்வழக்கில் ஜம்இய்யத் உலமா-இ-ஹிந்தும் கோரிக்கையை எதிர்த்து வாதிட்டது. அது முதல் நம் மஹல்லாக்களில் ஒரு வாதம் அடிக்கடி செவியில் விழுகிறது: "நாட்டில் பெரும்பான்மையினர் இதை ஏற்கவில்லை, ஆகவே பேசுவதற்கு ஒன்றுமில்லை." மார்க்கப் பற்றுள்ள சகோதரர்களே இதைச் சொல்கிறார்கள். இந்த வாதத்தை மட்டும் இங்கே சற்று உரசிப் பார்க்க விரும்புகிறேன்.

நிக்காஹ் என்பது ஓர் ஆணுக்கும் ஒரு பெண்ணுக்கும் இடையிலான உடன்படிக்கை என்பது நம் மார்க்கத்தின் தெளிவான நிலைப்பாடு. அதில் எனக்கு எந்த ஐயமும் இல்லை. ஆனால் அந்த நிலைப்பாடு வஹீயினால் நிலைபெற்றது. மக்கள் கை உயர்த்தியதால் நிலைபெற்றது அன்று. நாளை பெரும்பான்மையினர் வேறு விதமாக வாக்களித்தால் நம் மார்க்கம் மாறிவிடுமா?

இது வெறும் கற்பனைக் கேள்வி அன்று. சுவிட்சர்லாந்தைப் பாருங்கள். அந்நாட்டில் முக்கியமான பிரச்சினைகளை மக்களே வாக்களித்துத் தீர்மானிக்கிறார்கள். 2009 நவம்பர் 29 அன்று, பள்ளிவாசல்களுக்கு மினாரா கட்டுவதைத் தடை செய்யும் முன்மொழிவுக்கு 57.5 விழுக்காட்டினர் ஆதரவளித்தனர். அப்போது அந்நாடு முழுவதிலும் இருந்த மினாராக்கள் நான்கே நான்கு. அரசும் நாடாளுமன்றமும் "வேண்டாம்" என்று கேட்டுக்கொண்டும் பயனில்லை. தடை அரசமைப்பிலேயே இடம்பெற்றது. 2021 மார்ச் 7 அன்று, பொது இடங்களில் முகத்தை மூடுவதற்கான தடை 51.2 விழுக்காட்டு வாக்குகளால் நிறைவேறியது. அதே ஆண்டு செப்டம்பர் 26 அன்று, ஒரே பாலினத்தவரின் திருமணத்தை 64.1 விழுக்காட்டினர் ஏற்றுக்கொண்டனர்.

மூன்றும் ஒரே நாட்டு மக்கள் அளித்த தீர்ப்புகள். பெரும்பான்மை சொல்வதே நியாயம் என்றால் மூன்றையும் நாம் நியாயம் என்று ஒப்புக்கொள்ள வேண்டும். மினாரா விஷயத்தில் அநீதி என்று வருந்திவிட்டு, நமக்கு உவப்பான இடத்தில் மட்டும் தலை எண்ணிக்கையைச் சான்றாகக் காட்டுவது நேர்மையாகுமா?

அல்குர்ஆன் இந்த விஷயத்தில் நமக்கு நல்ல பயிற்சி அளித்திருக்கிறது. பூமியிலுள்ளோரில் பெரும்பாலோரைப் பின்பற்றினால் அவர்கள் அல்லாஹ்வின் பாதையிலிருந்து வழிதவறச் செய்துவிடுவார்கள் என்ற கருத்தை அல்அன்ஆம் அத்தியாயத்தின் 116ஆம் வசனம் எச்சரிக்கையாகத் தருகிறது. நூஹ் (அலை) அவர்களுடன் நின்றவர்கள் சிலரே. இப்ராஹீம் (அலை) அவர்கள் தம் சமூகத்தின் முன் தன்னந்தனியாக நின்றார்கள். கலந்தாலோசனையை மார்க்கம் வலியுறுத்துகிறது. ஆயினும் ஆலோசனை சபையின் பெரும்பான்மை ஒருவருடைய உரிமையைப் பறிக்கலாம் என்று அது சொல்லவில்லை.

நம் நாட்டின் நிலையையும் எண்ணிப் பாருங்கள். 1937ஆம் ஆண்டின் ஷரீஅத் சட்டமும், அரசமைப்பின் 25ஆம் பிரிவு தரும் சமயச் சுதந்திரமும் நம் குடும்ப வாழ்வுக்குக் காவலாக இருப்பதாக நம்புகிறோம். உத்தராகண்ட் சட்டமன்றம் 2024 பிப்ரவரியில் பொது சிவில் சட்டத்தை நிறைவேற்றியது. அங்கே முஸ்லிம்களின் திருமணமும் மணவிலக்கும் வாரிசுரிமையும் அச்சட்டத்தின் கீழ் வந்துவிட்டன. அதை எதிர்த்து நாம் முன்வைக்கும் வாதம் என்ன? "சட்டமன்றத்தில் உங்களுக்குப் பெரும்பான்மை இருக்கலாம்; எங்கள் திருமணத்தை நீங்கள் தீர்மானிக்க முடியாது" என்பதுதானே! இதே வாதத்தை இன்னொரு சிறுபான்மையினர் சொல்லும்போது நாம் ஏளனம் செய்தால், நம் வீட்டுக் கதவின் தாழ்ப்பாளை நாமே கழற்றியவர்களாவோம்.

1985இல் கேரளத்தில், யெகோவாவின் சாட்சிகள் பிரிவைச் சேர்ந்த மூன்று பிள்ளைகள் தேசிய கீதம் ஒலிக்கும்போது மரியாதையாக எழுந்து நின்றனர். ஆனால் தங்கள் சமய நம்பிக்கையின் காரணமாகப் பாடவில்லை. பள்ளியிலிருந்து நீக்கப்பட்டனர். 1986 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் அவர்களுக்கு ஆதரவாகத் தீர்ப்பளித்தது. மிகச் சிறிய சிறுபான்மையும் அரசமைப்பின் கீழ்த் தன் அடையாளத்தைக் கண்டுகொள்ள முடிவதே உண்மையான மக்களாட்சிக்கு உரைகல் என்ற கருத்தை நீதிபதி சின்னப்ப ரெட்டி அத்தீர்ப்பில் பதிவு செய்தார். இன்று நம் பிள்ளைகளின் வழிபாட்டு உரிமைக்காக வாதாடும் வழக்கறிஞர்களுக்கும் அத்தீர்ப்பு துணை நிற்கிறது.

என் மாலை வகுப்பில் இதைச் சொன்னபோது, கடை வைத்திருக்கும் ஒரு சகோதரர் கேட்டார்: "உஸ்தாத், அப்படியானால் அந்தத் திருமணத்தை நாமும் ஆதரிக்க வேண்டும் என்கிறீர்களா?"

"இல்லை" என்றேன். பிறகு ஃபிக்ஹ் நூல்களில் வரும் ஒரு செய்தியைச் சொன்னேன். முஸ்லிம்களின் ஆட்சியில் வாழ்ந்த மஜூஸிகளிடையே நெருங்கிய இரத்த உறவினரை மணக்கும் வழக்கம் இருந்தது. நமக்கு அது கடும் ஹராம். முன்னோர் அதை ஏன் விட்டுவைத்தனர் என்று கலீஃபா உமர் இப்னு அப்துல் அஸீஸ் (ரஹ்) அவர்கள் ஹஸன் அல்பஸரீ (ரஹ்) அவர்களிடம் கேட்டார்கள். அவர்களுடைய நம்பிக்கையின்படி வாழ விடுவதாக உடன்படிக்கை செய்யப்பட்டுள்ளது. நீங்கள் முன்னோரைப் பின்பற்றுபவரே, புதிதாக உருவாக்குபவர் அல்லர் என்ற பொருளில் பதில் வந்தது. ஹனஃபீ நூல்கள் இதை எடுத்துக் கூறுகின்றன. மஜூஸிகளின் அத்தகைய திருமணங்களைப் பிரித்துவிடுமாறு உமர் (ரழி) அவர்கள் எழுதிய செய்தி புகாரீயில் உள்ளது. ஆகவே அறிஞர்களிடையே இதில் கருத்து வேறுபாடு உண்டு. ஆனால் ஹஸன் அல்பஸரீ (ரஹ்) அவர்களின் பதிலில் ஒன்றைக் கவனியுங்கள்: முஸ்லிம்களின் கையில் ஆட்சி இருந்தும், அவர்கள் எண்ணிக்கையைப் பேசவில்லை, கொடுத்த வாக்கைப் பேசினார்கள். இன்று இந்நாட்டில் நாமும் பிறரும் சேர்ந்து ஏற்றுக்கொண்ட உடன்படிக்கை அரசமைப்பு.

ஆகவே நம் நிலைப்பாட்டை மார்க்க ஆதாரத்தோடு தெளிவாகச் சொல்வோம். நம் பள்ளிவாசலில் எந்த நிக்காஹ் நடக்கும் என்பதை எந்த அரசும் தீர்மானிக்கக் கூடாது என்றும் சொல்வோம். ஒரு சமூகத்தின் மீதுள்ள வெறுப்பு நீதி தவறச் செய்துவிடக் கூடாது என்பது அல்மாயிதா அத்தியாயத்தின் 8ஆம் வசனம் கற்பிக்கும் பாடம். நாம் ஏற்காத வாழ்க்கை வாழ்பவர்களுக்கும் உயிர், உடைமை, மானம் உண்டு. அவர்களை அடிப்பதையும் இழிவுபடுத்துவதையும் "பெரும்பான்மையின் உணர்வு" என்று எவரேனும் நியாயப்படுத்தினால், அந்தச் சொல் நம்மை நோக்கித் திரும்ப நெடுநாள் ஆகாது.

நாளை மஹ்ஷரில் நம்மோடு எத்தனை பேர் இருந்தார்கள் என்று கேட்கப்படாது. நாம் என்ன சாட்சி சொன்னோம் என்றே கேட்கப்படும். நீதியின் மீது நிலைத்து நிற்கும் சாட்சிகளாக அல்லாஹ் நம் அனைவரையும் ஆக்கியருள்வானாக! ஆமீன்.