கழல மறுக்கும் தட்டு

ஒரகடம் கூட்டுரோட்டு மேம்பாலத்தைத் தாண்டி வாலாஜாபாத் பக்கம் போனால், பெரிய ஆலைகளின் மதில்களுக்கு நடுநடுவே தகரக் கூரைப் பட்டறைகள் தென்படும். இதே வட்டாரத்து இருங்காட்டுக்கோட்டையில் 1998இல் ஹூண்டாய் கார் தயாராகத் தொடங்கியது. ஒரகடத்துக்கு 2010இல் ரெனோ-நிசான் வந்தது, 2012இல் டைம்லர் லாரி. அந்த ஆலைகளுக்குள் பெயிண்ட் அடிப்பதில் பெரும்பங்கு ரோபோக்களுடையது. ஆலைக்கு ஆள் ஏற்றிப்போகும் பஸ் எங்காவது உரசி நசுங்கி வந்தால் அதற்கு இந்தத் தகரக் கூரைதான். டிங்கரிங், பட்டி, தேய்ப்பு, பெயிண்ட் எல்லாம் கையால்.

நான் போனது தேய்ப்பைப் பார்க்க. அங்கே யாரும் தேய்த்துக்கொண்டிருக்கவில்லை. புதிதாக வாங்கிய காற்று சாண்டர் ஒன்றைச் சுற்றி நின்றுகொண்டிருந்தார்கள். அடித்தட்டு தேய்ந்துவிட்டது, மாற்றுத் தட்டு கையில் இருக்கிறது, பழசு கழலவில்லை.

சாண்டர் உள்ளங்கைக்குள் அடங்கும் மெஷின். கம்ப்ரஸர் காற்றில் நிமிடத்துக்கு 12,000 சுற்று வரை ஓடும். அடியில் ஒரு ரப்பர் தட்டு, அதன் முகத்தில் வெல்க்ரோ கொக்கிகள், அதில் வட்டமான உப்புத்தாள். அழுத்தித் தேய்த்தால், அல்லது சாய்த்து விளிம்பால் தேய்த்தால், சூட்டில் கொக்கிகள் உருகி மழுங்கும். தாளில் இருக்கும் ஓட்டைகள் தட்டின் ஓட்டைகளோடு பொருந்தாமல் ஒட்டினாலும் தூள் வெளியேற வழியில்லாமல் சூடு ஏறும். இந்தத் தட்டில் ஒரு பக்கம் மட்டும் வழுவழுவென்று இருந்தது. பஸ்ஸின் பக்கவாட்டு மடிப்பில் சாய்த்தே தேய்த்திருக்கிறார்கள்.

ஒடிசாவிலிருந்து வந்த இளைஞர் ஒருவர் மெஷினை இடுக்கிக்கொண்டு தட்டைத் திருகினார். தட்டு சுற்றியது, சுற்றிக்கொண்டே இருந்தது. கழலாததற்குக் காரணம் மெஷினின் அமைப்பிலேயே இருக்கிறது. தட்டு நேராக மோட்டாரில் பூட்டப்படுவதில்லை. மோட்டார் தண்டின் மையத்திலிருந்து சில மில்லிமீட்டர் விலகி ஒரு பேரிங், அந்தப் பேரிங்கில் தன்போக்கில் சுழலும் குட்டித் தண்டு, அதன் மரையில் தட்டு. தேய்த்த இடத்தில் வட்ட வட்டமாகக் கீறல் விழாததற்கு இந்த விலகல்தான் காரணம். ஆனால் தட்டைத் திருகினால் தண்டும் கூடவே வந்துவிடும். அதைப் பிடிப்பதற்கென்றே பெட்டியில் மெல்லிய ஸ்பேனர் ஒன்று தருகிறார்கள். ஸ்பேனர் பெட்டியோடு ஆபீஸ் பீரோவுக்குள் போய்விட்டது. அதற்குள் யாரோ ஸ்குரூடிரைவரால் நெம்பி, தட்டைச் சுற்றியிருக்கும் ரப்பர் பாவாடையைக் கிழித்துவைத்திருந்தார்கள்.

மேஸ்திரி செய்யாறு பக்கத்துக்காரர். பீரோவைத் திறக்கவைத்து ஸ்பேனரை வாங்கிவந்தார். அப்பளம்போல் தட்டையான ஸ்பேனர். பாவாடைக்கும் தட்டுக்கும் இடையே விட்டு, கண்ணால் பார்க்க முடியாத தண்டின் சப்பைப் பக்கத்தை விரலால் துழாவிப் பிடித்தார். தட்டை இடப்புறமாகத் திருகினார். அப்போதும் அசையவில்லை.

"புது மெஷின் சார். கம்பெனியில பசை வச்சு முறுக்கியிருப்பான். ஓடின மெஷின்னா பட்டித்தூளும் காத்துல வர்ற தண்ணியும் சேர்ந்து மரையில கெட்டியாயிடும். ரெண்டுக்கும் வைத்தியம் ஒண்ணுதான்."

ஸ்டிக்கர் உரிக்கும் ஹீட் கன்னைத் தட்டின் நடுவில் கொஞ்ச நேரம் காட்டினார். அதிகம் காட்டினால் பேரிங்கின் கிரீஸ் உருகிப்போகும். பிறகு பழைய எண்பதாம் நம்பர் தாளைச் சொரசொரப்பு உள்பக்கம் இருக்கும்படி விளிம்பில் சுற்றிப் பிடித்து ஒரே வெட்டு. கழன்றது.

கையாலேயே தேய்த்தால் என்ன என்று கேட்டேன். தண்ணீர் விட்டுக் கையால் தேய்க்கும் வாட்டர் பேப்பர் பழைய சங்கதிதான். அமெரிக்காவின் த்ரீ எம் நிறுவனம் 1921இல் கொண்டுவந்தது, கார் பெயிண்டர்களைத் தூசியிலிருந்து பெருமளவு காப்பாற்றியது. ஆனால் இன்றைய பாலியஸ்டர் பட்டி தண்ணீரை உறிஞ்சும். ஈரத்தின்மேல் அடித்த பெயிண்ட் பிற்பாடு கொப்புளிக்கும். அதனால் பட்டியைக் காயவைத்துத்தான் தேய்க்க வேண்டியிருக்கிறது. அங்கே முகத்தில் கட்டியிருந்ததெல்லாம் கைக்குட்டை. நுண்ணிய தூளுக்கு அது வேலியே இல்லை.

மாற்றுத் தட்டைக் கையில் வாங்கிப் பார்த்த மேஸ்திரி முகம் சுளித்தார். அளவு சரி, மரை சரி, எடை கூடுதல். மலிவுச் சரக்கு. மையம் விலகிச் சுற்றும் தட்டை ஈடுகட்ட மெஷினுக்குள் எதிரெடை ஒன்று உண்டு. அது அந்த மெஷினுக்குரிய தட்டின் எடைக்குக் கணக்கிட்டது. எடை மாறினால் மிச்ச அதிர்வு முழுக்கப் பிடித்திருக்கும் கைக்குப் போகும். 1918இல் அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்துச் சுண்ணாம்புக்கல் தொழிலாளர்களின் விரல்கள் வெளுத்து உணர்விழப்பதை ஆலிஸ் ஹாமில்டன் என்ற மருத்துவர் ஆராய்ந்தார். காற்றுச் சுத்தியலின் அதிர்வுதான் காரணம் என்று தெரிந்தது. வெளுப்பைத் தூண்டுவது குளிர். நம் வெயிலில் விரல் அப்படி வெளுப்பது அபூர்வம். மரத்துப்போவதும் ஊசி குத்துவதும்தான் வரும், அதை யாரும் நோயென்று எடுத்துக்கொள்வதில்லை. அந்த இளைஞரிடம் கேட்டேன். ராத்திரி சட்டைப் பொத்தான் கழற்ற நேரமாகிறது என்றார், சிரித்துக்கொண்டே.

தட்டு வாங்கித் தருவது கான்ட்ராக்டர். சீக்கிரம் தேய்ந்தால் கேள்வி, திரும்பவும் தேய்ந்தால் கூலியில் பிடித்தம். பீஸ் கணக்கில் கூலி கொடுத்துவிட்டு, அழுத்தித் தேய்த்தான் என்று குற்றம் சொல்வது எனக்கு நியாயமாகப் படவில்லை. அழுத்தினால் வேலை ஓடும் என்று நம்பவைப்பதே அந்தக் கணக்குதான். உண்மையில் அழுத்தினால் தட்டின் சுழற்சி நின்று, வேலை இன்னும் மெதுவாகிறது.

மேஸ்திரி தண்டின் மரையைத் துணியால் துடைத்தார். அந்தத் தட்டையே மாட்டினார். பஸ்ஸை மாலைக்குள் கொடுத்தாக வேண்டும். முதலில் கையாலேயே கடைசிவரை முறுக்கி, பிறகு ஸ்பேனரால் தண்டைப் பிடித்துக்கொண்டு தட்டைக் கால் சுற்று. "அவ்வளவுதான் தம்பி, ஜோர் வேணாம்" என்றார் இளைஞரிடம். ஸ்பேனரைத் திருப்பிக் கொடுக்கவில்லை. கம்பியில் கோர்த்துக் கம்ப்ரஸர் கைப்பிடியில் முறுக்கிவிட்டு, ஒரிஜினல் தட்டின் நம்பரை அட்டைப்பெட்டியிலிருந்து கிழித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். சனிக்கிழமை கான்ட்ராக்டர் சம்பளம் கொடுக்க வரும்போது காட்டுவாராம்.